60 வயது மெஷினை ஸ்பேனரால் திறக்கலாம், புது மெஷினைத் திறக்க யாரிடம் அனுமதி? - ‘கார்ன் பிக்கர்’ சொல்லும் பாடம்

அமெரிக்காவின் ஓஹையோ, அயோவா, பென்சில்வேனியா மாநிலங்களில் பண்ணை ஏலம் என்பது சாதாரண விஷயம். வயதான விவசாயி தொழிலை விடும்போதோ, நிலம் கைமாறும்போதோ டிராக்டர் முதல் மண்வெட்டி வரை எல்லாமே வரிசையாக ஏலத்துக்கு வரும். அந்த வரிசையின் கடைசியில், புல் மண்டிய மூலையில், துருப்பிடித்த ஒரு நீளமான மெஷின் நிற்கும். முன்னால் கூர்மையான மூக்கு, பின்னால் மேல்நோக்கி நீளும் எலிவேட்டர். அதுதான் ‘கார்ன் பிக்கர்’. மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும் மெஷின்.

பெரும்பாலானோர் அதைக் கடந்து போய்விடுவார்கள். ஆனால், ஒன்றிரண்டு பேர் நின்று, குனிந்து, சங்கிலியை ஆட்டிப் பார்ப்பார்கள். பேரிங்கில் கை வைத்துப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார்கள். 50, 60 வருடப் பழைய மெஷினை விலை கொடுத்து வாங்கிப் போவார்கள். வீட்டில் வைத்துச் சரிசெய்து, அந்த வருட அறுவடைக்கே இறக்கிவிடுவார்கள்.

ஜிபிஎஸ் வைத்துத் தானாக ஓடும் டிராக்டர் வந்துவிட்ட காலத்தில் இது பழைய பொருள் மீதான பாசமா? இல்லை. பல சிறு விவசாயிகளுக்கு இது நேரான கணக்கு. அந்தக் கணக்குக்குள் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு கேள்வியும் இருக்கிறது: காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து சரிசெய்யும் உரிமை யாருடையது?

முதலில், இது என்ன மெஷின்?

மக்காச்சோள அறுவடையில் இன்று பரவலாக இருப்பது ‘கம்பைன்’. அது வயலிலேயே கதிரை ஒடித்து, மணியை உதிர்த்து, தனியாகப் பிரித்துத் தொட்டியில் நிரப்பிவிடும். கார்ன் பிக்கர் அவ்வளவு தூரம் போகாது. கதிரை ஒடித்து, மேல் தோலை உரித்து, முழுக் கதிராகவே பின்னால் வரும் வேகனில் போடும். அவ்வளவுதான் அதன் வேலை.

வேலை செய்யும் விதமும் எளிமையானது. டிராக்டர் இழுத்துச் செல்லும்போது, மெஷினின் மூக்கு பயிர் வரிசைக்குள் நுழையும். இரண்டு பக்கமும் ஓடும் சங்கிலிகள் தட்டையை உள்ளே கொண்டுவரும். அங்கே எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு உருளைகள் தட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கும். தட்டை நுழையும் இடைவெளியில் கதிர் நுழையாது. அதனால் கதிர் மட்டும் ஒடிந்து மேலே நின்றுவிடும். அடுத்து அது தோல் உரிக்கும் உருளைகளின் மேல் உருண்டு போகும். அவை தோலைக் கவ்விக் கீழே இழுத்துவிடும். மிச்சம் இருக்கும் மஞ்சள் கதிர் எலிவேட்டர் வழியாக வேகனில் விழும்.

இதில் கம்ப்யூட்டர் இல்லை. சென்சார் இல்லை. சங்கிலி, பல்சக்கரம், உருளை, பேரிங், கியர்பாக்ஸ். எது எதைச் சுற்றுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையின் மையமே இதுதான்.

மதிப்பிழந்தது எப்படி?

1954-ல் ஜான் டியர் நிறுவனம் கம்பைனின் முன்பக்கம் பொருத்தும் இரண்டு வரிசை மக்காச்சோளத் தலைப்பகுதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோதுமை அறுத்த அதே கம்பைன், தலைப்பகுதியை மாற்றினால் மக்காச்சோளமும் அறுக்கும் என்ற நிலை வந்தது. ஒரே மெஷினில் இரண்டு வேலை. அதன் பிறகு பிக்கரின் சந்தை மெல்லச் சுருங்கியது.

விளைச்சலும் மாறியது. 1930-களில் அமெரிக்காவில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 25 புஷல் மக்காச்சோளம்தான் கிடைத்தது. இப்போது சராசரி 175 புஷலைத் தாண்டுகிறது. மக்காச்சோளத்தில் ஒரு புஷல் என்பது 56 பவுண்டு, அதாவது சுமார் 25.4 கிலோ மணி. இத்தனை விளைச்சலைப் பல நூறு ஏக்கரில் எடுப்பவருக்கு ஒரு வரிசை, இரண்டு வரிசை பிக்கர் எந்த மூலைக்கும் காணாது.

ஆனால் எல்லா விவசாயிகளிடமும் பல நூறு ஏக்கர் இல்லை. 10 ஏக்கர் மக்காச்சோளம், கொஞ்சம் மாடு வைத்திருப்பவரும் அங்கே உண்டு. அவருக்கு முழுக் கதிர்தான் வசதி. காரணம் ஈரப்பதம். உதிர்த்த மணியைக் கெடாமல் சேமிக்க ஈரப்பதம் சுமார் 15 சதவீதத்துக்கு வர வேண்டும். அதற்குப் பலரும் எரிவாயு டிரையரை நம்புகிறார்கள். முழுக் கதிர் என்றால் சுமார் 20 சதவீத ஈரத்திலேயே காற்றோட்டமான குதிரில் போட்டுவிடலாம். குளிர்காலக் காற்று மீதியைக் காயவைக்கும். எரிபொருள் செலவு இல்லை. கதிரை நடுச்சக்கையோடு சேர்த்து அரைத்து மாட்டுக்குத் தீவனமாகவும் கொடுக்கலாம்.

அமிஷ் சமூக விவசாயிகள் இன்னொரு பெரிய வாடிக்கையாளர்கள். இவர்களில் பல குழுக்கள் வயலில் டிராக்டர் ஓட்டுவதில்லை. பிக்கருக்குத் தனியாக ஓர் இன்ஜினைப் பொருத்தி, குதிரை கட்டி இழுக்கிறார்கள். அவர்கள் இருக்கும் பகுதிகளில் பழைய பிக்கருக்கு இன்றும் நல்ல கிராக்கி.

புதிய கம்பைன் பல லட்சம் டாலர். பழைய பிக்கரோ, நிலைமையைப் பொறுத்து சில நூறு டாலரில் இருந்து சில ஆயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். ஒரு வரிசை பிக்கர் மணிக்கு 3 மைல் வேகத்தில், 30 அங்குல வரிசையில் ஓடினால், ஏட்டுக் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு 0.9 ஏக்கர் முடிக்கும். திருப்பம், அடைப்பு, வேகன் மாற்றுவது எல்லாம் போக அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தாலும், 10 ஏக்கர் இரண்டு மூன்று நாள் வேலைதான்.

‘வாடகைக்குக் கம்பைன் கூப்பிட்டால் போதுமே?’ நியாயமான கேள்வி. பலருக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால், 500 ஏக்கர்காரரும் 10 ஏக்கர்காரரும் ஒரே வாரத்தில் கூப்பிட்டால் வாடகை மெஷின் முதலில் எங்கே போகும்? பயிர் காய்ந்து தட்டை சாயத் தொடங்கிய பிறகு கடைசி ஆளாக முறை வந்தால், மிச்சப்படுத்திய காசு வயலிலேயே உதிர்ந்துபோகும். சொந்த மெஷின் வாங்குபவர் காசு கொடுப்பது இரும்புக்கு மட்டும் இல்லை. தன் அறுவடை நாளைத் தானே முடிவு செய்யும் வசதிக்கும் சேர்த்துத்தான்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பழைய மெஷின் வாங்குவதில் பெயின்ட் கடைசி விஷயம். அனுபவசாலிகள் பார்ப்பது வேறு.

1. வரிசை அகலம்: இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவார்கள். குதிரை கட்டி உழுத காலத்தில் குதிரை நடந்துபோக இடம் வேண்டும் என்பதால், வரிசைகளுக்கு இடையே 40 அங்குலம்வரை விட்டார்கள். இன்று பரவலாக இருப்பது 30 அங்குலம். பழைய அகல வரிசைக்குச் செய்த இரண்டு வரிசை பிக்கர் 30 அங்குல வயலில் சரியாக நுழையாது. மெஷின் அம்சமாக இருக்கும், வயலுக்கு ஆகாது.

2. ஒடிக்கும் உருளைகள்: உருளையின் மேல் இருக்கும் வரிகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தால் தட்டையைப் பிடிக்காது. உருளைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை மாற்றி அமைக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இடைவெளி கூடினால் கதிரின் அடிப்பகுதி உருளையில் மாட்டி மணி உதிரும். குறைந்தால் தட்டை ஒடிந்து அடைத்துக்கொள்ளும்.

3. தோல் உரிக்கும் உருளைகள்: ரப்பர் பாகங்கள் வெயிலில் கிடந்து கல்லாக இறுகியிருக்கும். இவற்றை மொத்தமாக மாற்றினால் சில சமயம் மெஷின் வாங்கிய விலையைவிட அதிகம் ஆகிவிடும். பேரம் பேச வேண்டிய முதல் இடம் இது.

4. கியர்பாக்ஸ்: எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெயில் இரும்புத் துகள் மினுமினுத்தால் பற்கள் தேய்கின்றன. எண்ணெயே இல்லை என்றால், அடுத்த ஏலத்துக்கு நடையைக் கட்டலாம்.

5. ஸ்லிப் கிளட்ச்: அடைப்பு வந்தால் தானே நழுவி மற்ற பாகங்களைக் காப்பாற்றும் அமைப்பு இது. வருடக்கணக்கில் சும்மா நின்றால் துருவால் ஒட்டிக்கொள்ளும். சிலர் ‘அடிக்கடி நழுவுது’ என்று அதை இறுக்கி முடுக்கியும் வைத்திருப்பார்கள். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். அடுத்த அடைப்பில் கிளட்ச் நழுவாது, கியர் உடையும். அதனால் கழற்றிச் சுத்தம் செய்து, சரியான அளவில் திரும்பப் பூட்டிய பிறகுதான் வயலுக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

6. சங்கிலியும் பல்சக்கரமும்: சங்கிலியைப் பல்சக்கரத்தில் இருந்து வெளியே இழுத்துப் பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும். பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

7. மூடிகள்: சுழலும் தண்டின் மேல் கவசம் இருக்கிறதா? சங்கிலிகளுக்கு மூடி இருக்கிறதா? ‘அது இல்லாமலே ஓடும்’ என்று விற்பவர் சொல்வார். ஓடும்தான். ஆனால் ஏன் அப்படி ஓட்டக் கூடாது என்பதைத் தனியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

சரிசெய்யும் செலவு: விலை ஒன்று, கணக்கு வேறு

800 டாலருக்கு ஒருவர் பிக்கர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது மெஷினின் விலை. மொத்தச் செலவு அது இல்லை. பேரிங், சங்கிலி, ரப்பர் உருளை, டயர், கிரீஸ் என்று பட்டியல் நீளும். அதோடு குளிர்கால விடுமுறை நாட்களில் கொட்டகையில் செலவாகும் மணி நேரங்கள்.

அப்படியும் இந்தக் கணக்கு ஒத்துவரக் காரணம், இந்தப் பட்டியலில் இருக்கும் பெரும்பாலான பொருட்கள் பொதுச் சந்தையில் கிடைப்பவை. பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். சங்கிலிக்கு நிலையான அளவுகள் உண்டு. தண்டு வளைந்தால் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். இரும்புத் தகடு ஓட்டையானால் வெல்டிங். அந்த மெஷினுக்கே உரிய பாகம் வேண்டும் என்றால், உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்படும் பழைய மெஷின் யார்டுகள் இருக்கின்றன.

ஓஹையோவின் கோல்ட்வாட்டர் ஊரில் இருந்து வந்த ‘நியூ ஐடியா’ பிராண்ட் இதற்கு நல்ல உதாரணம். பிக்கர் என்றாலே அங்கே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. 1993-ல் அந்த பிராண்ட் ஆக்கோ நிறுவனத்தின் கைக்குப் போனது. நிறுவனம் கைமாறியும், அந்தப் பழைய பிக்கர்கள் வயலில் ஓடுவது நிற்கவில்லை. தயாரித்த கம்பெனியின் தயவு இல்லாமலேயே ஒரு மெஷின் வாழ முடியும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

சரிசெய்த பிறகும் அவசரம் கூடாது. எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்து, முதலில் காலியாக மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு நிறுத்திவிட்டு, எந்தப் பேரிங் சூடாகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சூடு காட்டும் பேரிங்தான் வயலில் காலை வாரிவிடும். முதல் நாள் வயலிலும் மெதுவான ஓட்டம்தான். 1960-களின் பயிருக்காகச் செய்த மெஷின், இன்றைய கனமான விளைச்சலைத் தாங்க நிதானம் வேண்டும்.

பெருமை பேசும் முன், கைகளையும் எண்ண வேண்டும்

இத்தனையும் படித்தால் ‘அந்தக் கால மெஷின் மாதிரி வருமா’ என்று தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கார்ன் பிக்கர் அமெரிக்கப் பண்ணைகளிலேயே மிக ஆபத்தான மெஷின்களில் ஒன்றாகப் பெயர் எடுத்தது. அதில் கை, விரல் இழந்த விவசாயிகள் ஏராளம். நடக்கும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ஈரமான தட்டை உருளையில் சிக்கி அடைத்துக்கொள்ளும். இறங்கிப் போய் இன்ஜினை நிறுத்தச் சோம்பல், அல்லது இருட்டுவதற்குள் முடிக்கும் அவசரம். ஓடும் மெஷினிலேயே தட்டையைப் பிடித்து இழுப்பார்கள். திடீரென்று அடைப்பு விடுபடும். உருளை தட்டையை உள்ளே இழுக்கும் வேகத்தில், பிடித்த கை அதை விடுவதற்குள் கையும் உள்ளே போய்விடும்.

டிராக்டரில் இருந்து மெஷினுக்கு விசையைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டும் அப்படித்தான். பழைய மெஷின்களுக்கான அதன் நிலையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு 9 சுற்று. 3 அங்குல விட்டமுள்ள தண்டில் சட்டையின் நுனி மாட்டினால், ஒரு நொடியில் சுமார் 7 அடி துணியைச் சுற்றி இழுத்துவிடும். ‘அய்யோ’ என்று கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

அதனால் விதி ஒன்றே ஒன்று. அடைப்பு எடுக்க வேண்டுமா? பி.டி.ஓ.வை விடுவி, இன்ஜினை அணை, சாவியைச் சட்டைப் பையில் போடு, எல்லாம் முழுமையாக நிற்கும்வரை காத்திரு. அதற்குப் பிறகுதான் இறங்கிக் கை வைக்க வேண்டும். மூடி இல்லாத மெஷினை வாங்கினால், முதல் ரிப்பேர் மூடி போடுவதுதான். பேரிங் எல்லாம் அப்புறம்.

பழைய மெஷினின் வெளிப்படைத்தன்மை நல்லது. அதன் அலட்சியமான பாதுகாப்பு நல்லதல்ல. இரண்டையும் சேர்த்துக் கும்பிடத் தேவையில்லை.

புது மெஷினின் பூட்டு

இனி மறுபக்கம். இன்றைய கம்பைனும் டிராக்டரும் பாதுகாப்பிலும் வேகத்திலும் பல மடங்கு முன்னேறிவிட்டன. ஆனால், ஒரு சென்சார் கோளாறு என்றால் திரையில் ஒரு எண் வரும், சில சமயம் மெஷின் நின்றுவிடும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், புதிய பாகத்தை மெஷின் ஏற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு சாஃப்ட்வேர் தேவைப்படும். அந்த சாஃப்ட்வேரின் முழு வடிவம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் சண்டை.

2022-ல் உக்ரைனின் மெலிடோபோல் நகரில் இருந்த ஒரு டீலரிடம் இருந்து ரஷ்யப் படையினர் எடுத்துப்போன ஜான் டியர் மெஷின்கள் தொலைவில் இருந்தே முடக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. திருட்டுப் பொருள் ஓடாமல் போனதில் பலருக்கும் சந்தோஷம். ஆனால், அந்தச் செய்தி இன்னொன்றையும் காட்டியது. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், மெஷின் ஓட வேண்டுமா வேண்டாமா என்பதை வேறொருவர் முடிவு செய்ய முடியும்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை சட்டம்வரை போய்விட்டது. 2023 ஜனவரியில் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பான ‘ஃபார்ம் பீரோ’வும் ஜான் டியரும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. ரிப்பேர் கருவிகளையும் தகவல்களையும் தருவதாக நிறுவனம் சொன்னது. பதிலுக்கு, தனிச் சட்டம் கேட்டு வலியுறுத்துவதில்லை என்று விவசாயிகள் தரப்பு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கொலராடோ மாநிலம், விவசாயக் கருவிகளைச் சரிசெய்யும் உரிமைக்கென்று நாட்டிலேயே முதல் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து ஜான் டியர் மீது வழக்கு போட்டது. முழுமையான ரிப்பேர் சாஃப்ட்வேரை அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டும் தந்து, ரிப்பேர் சந்தையைத் தன் பிடியில் வைத்திருக்கிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் இதை மறுக்கிறது.

நிறுவனங்கள் சொல்வதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. மூன்று வாதங்கள் முக்கியமானவை.

ஒன்று, சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளை அணைத்துவிடுவார்கள் என்பது. அப்படிச் செய்பவர்கள் இருக்கலாம். ஆனால் புகை விதியை மீறுவது தனிக் குற்றம். அதற்குத் தனித் தண்டனை உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2023 ஆகஸ்டில் விவசாயிகள் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், தூய காற்றுச் சட்டத்தைக் காட்டி ரிப்பேரைத் தடுக்க முடியாது என்ற நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்தியது.

இரண்டு, பாதுகாப்பு. தெரியாதவர் கை வைத்தால் விபத்து நடக்கும் என்பது. கார்ன் பிக்கரின் வரலாறு இதற்கு ஆதரவு போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அது வேறு கதை சொல்கிறது. கைகள் போனது மெஷினைக் கழற்றி ரிப்பேர் செய்ததால் இல்லை. ஓடும் மெஷினில் அடைப்பு எடுத்ததால். மூடி இல்லாததால். பயிற்சியும் எச்சரிக்கையும் போதாததால். தகவலை மறைத்தால் பாதுகாப்பு கூடாது, தெளிவாகக் கொடுத்தால்தான் கூடும்.

மூன்று, அறிவுசார் சொத்து. சாஃப்ட்வேரை எழுதப் பல கோடி செலவு செய்கிறோம், அதை எப்படிச் சும்மா தருவது? யாரும் மூலக் குறியீட்டைக் கேட்கவில்லை. கோளாறு எண்ணின் அர்த்தம், ரிப்பேர் கையேடு, பொருத்திய பாகத்தை மெஷினுக்கு அறிமுகப்படுத்தும் கருவி. இவற்றைத்தான் நியாயமான விலைக்குக் கேட்கிறார்கள். பழைய பிக்கரோடு அச்சிட்ட கையேடு வந்தது. எங்கே கிரீஸ் அடிக்க வேண்டும், எந்த இடைவெளி எத்தனை இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதனால் எந்தக் கம்பெனியின் ரகசியமும் களவு போய்விடவில்லை.

அறுவடைக் காலத்தில் நேரம்தான் காசு. டீலரின் டெக்னீஷியன் வர மூன்று நாள் ஆகும், அதற்குள் மழை வரும் என்றால், அந்த மூன்று நாளின் நஷ்டம் யார் கணக்கில் ஏறுகிறது? பூட்டைப் போட்டவர் கணக்கில் இல்லை. விவசாயி கணக்கில்தான்.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவும் இந்தப் பேச்சுக்கு வெளியே இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ‘சரிசெய்யும் உரிமை’க்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழு அமைத்தது. குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகள்: விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். கவனிக்க வேண்டியது, பட்டியலில் விவசாயக் கருவிகளும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஒரு இணையதளமும் தொடங்கப்பட்டது.

அதன் பிறகு வேகம் எடுத்தது மொபைல் பக்கம்தான். ஒரு பொருளை எவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியும் என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீடு பற்றிய குழு அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் வந்தது. அதன் கவனம் மொபைல், எலெக்ட்ரானிக் பொருட்கள் மீது. நல்ல தொடக்கம். ஆனால், போன் ரிப்பேர் ஆனால் இரண்டு நாள் வாட்ஸ்அப் பார்க்க முடியாது. அறுவடை மெஷின் ரிப்பேர் ஆனால் ஒரு போகம் போகும். எதை முதலில் கவனிக்க வேண்டும்?

தமிழ்நாட்டின் கிராமத்துப் பட்டறைகளில் இன்றும் டிராக்டரைப் பிரித்துப் போட்டு, மாலைக்குள் ஓட்டிக் காட்டும் மெக்கானிக் அண்ணன்கள் இருக்கிறார்கள். பழைய டிராக்டரின் சத்தத்தைக் கேட்டே ‘இது இன்ஜெக்டர் கோளாறு தம்பி’ என்று சொல்பவர்கள். அடுத்த பத்து வருடத்தில் வரும் மெஷின்களில் அவர்களால் கை வைக்க முடியுமா, முடியாதா என்பது அவர்களின் திறமையைப் பொறுத்தது இல்லை. இப்போது எழுதப்படும் விதிகளைப் பொறுத்தது. விதி வருவதற்கு முன் மெஷின் வந்துவிட்டால், அமெரிக்க விவசாயி இன்று கோர்ட்டில் கேட்பதை நாளை நாமும் கோர்ட்டில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை சிக்கலானவையும் இல்லை. டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் சரிசெய்யும் மதிப்பெண் வேண்டும், அது ஷோரூமில் விலைக்குப் பக்கத்திலேயே ஒட்டப்பட வேண்டும். கோளாறு எண்களும் ரிப்பேர் கையேடும் தமிழ் உட்பட விவசாயி படிக்கும் மொழியில் கிடைக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே எழுதித்தர வேண்டும். மானியம் கொடுத்து மெஷின் வாங்க வைக்கும் அரசு, இந்த மூன்றையும் மானியத்துக்கான நிபந்தனையாகவே வைக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம்

எல்லோரும் பழைய பிக்கருக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அது மெதுவானது, சத்தம் அதிகம், கவனம் தப்பினால் கையைக் கேட்கும். ஆனால், ஏலத்தில் அதன் முன்னால் குனிந்து நிற்பவருக்கு ஒன்று தெரியும். இந்த மெஷினில் என்ன கெட்டுப்போனாலும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், கழற்றலாம், மாற்றலாம். அதற்கு யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கத் தேவையில்லை.

அடுத்த முறை புது மெஷினோ, போனோ, ஸ்கூட்டரோ வாங்கப் போகும்போது ‘மைலேஜ் எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவு’ என்ற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: ‘இது கெட்டுப்போனா, எங்க ஊர் மெக்கானிக் திறந்து பார்க்க முடியுமா?’ விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால், விலைப்பட்டியலில் எழுதாத ஒரு செலவு அதற்குள் இருக்கிறது என்று அர்த்தம்.